ஐஸுக்கு ஃபேன் வேண்டாம்

மே 9, வியாழன்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. கேஸ் புக் பண்ண வேண்டும். இவர் சட்டை இஸ்திரி. மஸ்கட் போகிற ஆள் யாராவது கிடைத்தால் ரவிக்கு ஊறுகாய்.

குரோம்பேட்டை ஸ்கூலில் வெகேஷன் கிளாஸ். ப்ளஸ் டூ பெண்கள் பாதிப் பேர் தூக்கம். வெப்ப இயக்கவியல், முதல் விதி. ஒரு பொருளுக்கு ஆற்றல் போக இரண்டே வழி. சூடானதை ஒட்டி வைக்கலாம், இல்லை அதன்மேல் வேலை செய்யலாம். ஃபேன் ரூமைக் குளிர வைக்குதே மிஸ் என்றாள் ஒருத்தி. இல்லை, நம் வியர்வையைக் காய வைக்கிறது, நமக்குக் குளிர்கிறது, ரூம் சூடாகத்தான் ஆகும் என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. தெர்மாமீட்டர் கொண்டுபோக வேண்டும்.

மே 10, வெள்ளி
இவர் போய்விட்டார். குளித்துவிட்டு வந்தார், நெஞ்சைப் பிடித்தார். ஆட்டோ. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு. காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

கொழுந்தனார் டெலிபோன் பூத்தில் நின்று ரவியைப் பிடித்துவிட்டார். பம்பாய் வழியாக நாளை மதியத்துக்கு மேல்தான் வருவானாம். ஒரே பிள்ளை. அவன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை தாங்க வேண்டும், இந்த வெயிலில்.

ஐஸ் பார் வந்து இறங்கியது. மரத்தூள், சாக்கு. கொழுந்தனார் ஃபேனை ஃபுல்லாக வைத்தார். நிறுத்தினேன். மறுபடி யாரோ போட்டார்கள். சூடான காற்று மேலே படப் பட ஐஸ் சீக்கிரம் கரையும் என்றேன். கிளாஸ் எடுக்கிற குரலிலேயே சொன்னேன் போலிருக்கிறது.

பெரிய நாத்தனார் பொறுக்கவில்லை. "எந்தம்பி ஃபேன் இல்லாம ஒரு நாள் தூங்கினதில்ல. அவனுக்குக் காத்துகூட வேணாமா உனக்கு? கல்லுடி நீ."

கல்தான். இருந்துவிட்டுப் போகிறேன்.

மே 11, சனி
சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்தால் ஃபேன் ஓடுகிறது. கூடமெல்லாம் தண்ணீர், சாக்கு தொப்பலாக. மறுபடி ஐஸுக்கு ஆள் அனுப்பினேன். வர நேரமாகும் என்றார்கள். முதல் தடவையாகப் பயம்.

பிறகு கரண்ட் போனது. எல்லோரும் உச் கொட்டினார்கள். எனக்கு நிம்மதி.

மே 12, ஞாயிறு
எல்லாம் முடிந்தது. வீடு கழுவியாயிற்று. மூலையில் கொஞ்சம் மரத்தூள் இன்னும்.

ரவி நேற்று வந்து சேர்ந்தான். முகம் பார்த்தான். முகம் நன்றாகத்தான் இருந்தது. அப்படியே உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். "ஏம்மா இவ்ளோ ஜில்லுனு இருக்காரு?" ஐஸுடா என்றேன். தேய்த்துக்கொண்டே இருந்தான். சித்தப்பா வந்துதான் எழுப்பிக் கூட்டிப் போனார்.

அவன் விட்ட கையைச் சரியாக வைக்கலாம் என்று தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. தினமும் இருக்கிற மாதிரி. தேய்த்த தேய்ப்பு, அவன் கைச்சூடு, அவ்வளவுதான். எனக்கா தெரியாது. பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் குனிந்து, விடும்மா, நேரமாச்சு என்றார்.

"இன்னும் சூடு இருக்கு அக்கா" என்றேன்.