குழிக்குப் போன மாடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இனோங்கே வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? நான் நலம். சற்று இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே மழை பொய்த்துவிட்டது. மாடுகள் காய்ந்த புல்லை மண்ணோடு மேய்ந்து, மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் நோய் கண்டு சாகின்றன. அந்த இறைச்சியை அறுத்தவர்களின் கையில் கொப்புளம். ஆஸ்பத்திரியில் வெறும் கட்டி என்று களிம்பு கொடுத்தார்களாம். மாடு செத்ததை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கொப்புளத்தை மாட்டு வைத்தியம் பார்க்கும் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இந்த ஊரில் முதிந்தா என்ற பெண்ணின் மாடு செத்தது. குழி வெட்டச் சொன்னேன். அவள் இறைச்சி எடுக்கப் பாத்திரத்தோடு குறுக்கே நின்றாள்.

"இதத் தின்னா செத்துப்போவீங்க அக்கா."

"தின்னாட்டியும் அதேதான் டாக்டரம்மா. புள்ளைங்களுக்கு ராத்திரி என்ன குடுக்கறது, நீயே சொல்லு."

என் சோள மாவு முழுவதையும் கொடுத்தேன். ஒதுங்கிக்கொண்டாள். மாட்டைப் புதைத்தோம். விடிந்து பார்த்தால் குழி காலி. மாவு கிடைக்காத அவளுடைய பக்கத்து வீட்டார் தோண்டியிருந்தார்கள். அதைத் தின்று காய்ச்சலில் விழுந்த அவர்களுடைய சின்னப் பெண்ணை நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், மாடு செத்த கதையைச் சொன்னேன். உடனே சரியான ஊசி போட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

முடிந்தால் கருவாடு அனுப்புங்கள், நிறைய. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவேண்டாம்.

ஆற்றோரம் இன்னொரு மாடு விழுந்துவிட்டதாம், வாசலில் கூப்பிடுகிறார்கள். கத்தியோடு ஆட்கள் சேர்வதற்குள் போகவேண்டும். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அப்பா. போய் என்ன சொல்லித் தடுப்பேன்?

உங்கள் மகள்,
இனோங்கே