பதினோராவது ஆள்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

மழை இல்லை, குளிர் மட்டும். பல்கலைக்கழகப் பீட சபைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அடுத்த புதன் பிற்பகல். நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தியது இது: வணிகத் துறையில் தமிழ்மொழி மூல வகுப்புகளை வரும் சேர்க்கையிலிருந்து நிறுத்துதல். ஒரே வரி. அதற்கு மேலே வாகனத் தரிப்பிடத்துக்குக் கூரை போடுவது பற்றி ஐந்து வரி.

அந்தத் துறையில் கணக்கியலைத் தமிழில் நடத்தத் தொடங்கியவன் நான். புத்தகம் இல்லாத காலத்தில் நானே எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். துறைக்குள் ஒரு வார்த்தை பேசாமல் நேராகச் சபைக்குக் கொண்டுவருகிறார் பீடாதிபதி தரணிதரன். அவர் பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகம் வரை தமிழிலேயே படித்தவர். அதற்குப் பிறகுதான் வெளிநாடு, கலாநிதிப் பட்டம் எல்லாம்.

கோபம் வர வேண்டும். வரவில்லை. அழைப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன். சோறு சாப்பிட்டேன்.

பெப்ரவரி 13

நடைபாதையில் தரணிதரன் மறித்துக்கொண்டார். கூட்டத்தில் என்னை 'திரு. செல்லசாமி' என்பவர், ஆள் இல்லாத இடத்தில் அண்ணே.

"அண்ணே, கோவமா?"

"துறையில கேக்காம எப்படி சபைக்கு வரும்?"

"கேட்டா நீங்க விட்டுருவீங்களாக்கும். புள்ளைங்க வேலைக்குப் போய் நிக்கிறப்ப இங்கிலீசுலதான்ணே கேக்குறாங்க. நம்ம புள்ளைங்க எந்நாளும் கடைசி வரிசையிலதான் நிக்கணுமா?"

"படிச்சு முடிச்சாத்தானே வேலைக்குப் போய் நிப்பான்? மொத வருஷத்துலயே பாதிப் பேர் ஓடிருவான்."

"நீங்க ஓடுனீங்களா? தோட்டத்து ஆபீசுல உக்காந்து அகராதிய வச்சே இங்கிலீசு படிச்சவர்தானே நீங்க."

சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் படித்தேன், உண்மை. தோட்ட ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தேன். அது ஒரு வதை. அந்த வதையை எல்லாப் பிள்ளையும் பட வேண்டுமா? இதை அவர் போன பிறகுதான் நினைத்தேன். எனக்கு எப்போதும் இப்படித்தான்.

பெப்ரவரி 17

மத்தியானம் ஜெயந்தினியும் நிரஞ்சனும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். இருவரும் எங்கள் துறையின் தகுதிகாண் விரிவுரையாளர்கள். இன்னும் நிரந்தரமாகாதவர்கள். நிரந்தரமாக்க பீடாதிபதியின் சிபாரிசு வேண்டும். அவர் முகத்துக்கு நேரே கை தூக்க இவர்களால் முடியாது. இவர்களைப் போல இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அவர்களுடைய யோசனை இது. கூட்டம் நடக்க பதினொரு பேராவது இருக்க வேண்டும். அதுதான் கோரம். பலர் வெளிநாட்டில், சிலர் லீவில். கண்டி போகும் வேன் நாலு மணிக்குப் புறப்படும். தேநீர் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் வேனுக்கு என்று ஒவ்வொருவராக எழுந்துவிடுவது. அதை யாரும் எதிர்ப்பு என்று எழுத முடியாது. இங்கே வேனுக்கு எழுந்து போவது பாத்ரூமுக்கு எழுந்து போவது மாதிரி. ஆள் குறைந்தால் கூட்டம் கலையும். அடுத்த கூட்டத்துக்குள் சேர்க்கைக் கைநூல் அச்சுக்குப் போய்விடும். தமிழ் வகுப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கும். வருடக் கடைசியில் பீடாதிபதித் தேர்தல்.

"சேரும் எங்களோட எந்திரிச்சா சரியா பத்துப் பேர்தான் மிஞ்சுவாங்க," என்றாள் ஜெயந்தினி.

"எனக்கு எதுக்கு கண்டி வேன்? நான் டிக்கோயாவுல இருக்கேன்."

"தலவலின்னு சொல்லுங்க சேர். உங்களால எங்களுக்கு எத்தன தலவலி, ஒரு நாளைக்கு உங்களுக்கு வந்தா என்னா?" இது நிரஞ்சன்.

சிரிக்கவில்லை. "எனக்கு எதிர்ப்பு இருந்தா எந்திரிச்சு நின்னு சொல்லுவேன். கூட்டத்த விட்டு ஓடுன ஆள் இல்ல நான்," என்றேன்.

"ஓடுறது இல்ல சேர். அதுவும் ஒரு வழிதானே?" ஜெயந்தினி கெஞ்சுவது போலக் கேட்டாள்.

சபை என்பது பேசுவதற்கு. கதவைத் தேடுவதற்கு இல்லை. இதை அவர்களிடம் சொன்னேன். போய்விட்டார்கள்.

பெப்ரவரி 18

வீட்டில் மனைவி சண்முகவடிவு: "நாளைக்கு மட்டும் வாயப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்து சேருங்களேன். ஊர்ல ஒரு மனுசனாவது உங்க பேச்ச கேட்டுத் திருந்தியிருக்கானா?"

சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

பெப்ரவரி 19, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கூரைக்கு ஒரு மணி நேரம் போனது. தேநீர் வந்தது. முதலில் நிரஞ்சன் கைப்பையை எடுத்தான். பிறகு ஒவ்வொருவராக. "வேன் சேர்... மன்னிக்கணும்... மூடுபனி, ரோட்டு சரியில்ல..." கடைசியாக ஜெயந்தினி. கதவருகில் நின்று என்னைப் பார்த்தாள். நான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரணிதரன் அந்த விடயத்தை எடுத்தார். உதவிப் பதிவாளர் பேனை முனையால் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "Quorum" என்று தொடங்கி நிறுத்தினார். தரணிதரன் மேசையைச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றது அவர் பார்வை.

"திரு. செல்லசாமி இருக்கிறாரே. பதினொன்று. தொடரலாம்."

அப்போது நான் எழுந்து போயிருக்கலாம். கதிரை பின்னால் நகரும் இடம் இருந்தது. எழுந்தேன் – பேசுவதற்கு.

அங்கே ஆங்கிலத்தில்தான் எல்லாம் நடக்கும். நான் எப்போதும் தமிழில் பேசுவேன், விளங்காதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று. அப்படியே பேசினேன். துறையைக் கேட்காதது முறை இல்லை என்றேன். இங்கிலீசைப் படிப்பிப்பதும் இங்கிலீசில் படிப்பிப்பதும் வேறு என்றேன். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளையை ஒரே நாளில் தூக்கித் தண்ணீரில் போடுகிறீர்கள் என்றேன். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். யாரும் குறுக்கே பேசவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்போர்? என் கை. ஒரே கை.

"திரு. செல்லசாமியின் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்," என்றார் தரணிதரன். மரியாதையாகத்தான் சொன்னார்.

நிறைவேறியது. என் தேநீர் ஆறிப் போயிருந்தது. குடித்தேன். பஸ் ஏறி வந்தேன்.

இதில் நான் செய்த தப்பு என்ன? சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேன். வேறென்ன செய்ய – ஓடியிருக்கணுமா? என்னால முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்.

பெப்ரவரி 20

ஜெயந்தினி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீங்க சும்மா எந்திரிச்சு வெளிய வந்திருந்தா போதும் சேர். கதவு வரைக்கும்."

"என் எதிர்ப்பு அறிக்கையில இருக்கு."

"இருக்கும் சேர். வகுப்புத்தான் இருக்காது."

போய்விட்டாள். நான் விடைத்தாள் திருத்தினேன்.

பெப்ரவரி 21

ஒன்றும் இல்லை. மழை.

மார்ச் 19

பீடத்துக்கு மேலே இருக்கும் மூதவையிலும் நிறைவேறிவிட்டதாம். பீடம் ஏற்றுக்கொண்டதை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. நிரஞ்சன் வந்து சொன்னான். அவன் வாயிலிருந்து பகிடி இல்லாமல் ஒரு சேதி வந்தது இதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

ஏப்ரல் 25

என்னோடு தேநீர் குடிக்க யாரும் வருவதில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. எழுந்து வணக்கம் சொல்கிறார்கள், கதிரை தருகிறார்கள். நான் உட்கார்ந்ததும் பேச்சு மழைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடுகிறது.

மே 21

புதிய பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நேர அட்டவணையில் முதலாம் ஆண்டுக்கு நேரே என் பெயர் இல்லை. மேல் வகுப்புகளுக்குப் பழைய மாதிரி தமிழில் நடத்தலாம். அந்தப் பிள்ளைகள் வெளியேறும் வரைக்கும். அதற்கு முன்னாலேயே என் ஓய்வு வந்துவிடும். ஆக, முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் நான் இனிப் போகப் போவதில்லை.

இதை எழுதும்போது ஏதாவது தோன்றும் என்று பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தோன்றவில்லை.

ஜூன் 12

நூலகப் படிக்கட்டில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. முதலாம் ஆண்டு. பெயர் தனுஜா. அக்கரப்பத்தனைப் பக்கம்.

"சேர், நீங்கதானே செல்லசாமி சேர்? எங்க ஸ்கூல் மிஸ் உங்ககிட்ட படிச்சவங்க. தமிழ்ல இருக்குன்னு சொல்லித்தான் இங்க போட்டேன்."

"இப்ப இல்ல."

"தெரியும் சேர். வகுப்புல எல்லாரும் எழுதுறாங்க, நானும் எழுதுறேன். என்னா எழுதுறேன்னுதான் தெரியல." சிரித்தாள். "வீட்டுக்குப் போயிரலாமான்னு பாக்குறேன். அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் நிக்கிறேன்."

கணக்கியல் பாடத்தில் ஐந்தொகையைப் பற்றிக் கேட்டாள். படிக்கட்டிலேயே நின்று சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டாள். "இவ்வளவுதானா சேர்?" என்றாள்.

இவ்வளவுதான்.

ஜூன் 19

வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய களஞ்சிய அறையில் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜெயந்தினி. காலையில் ஆங்கிலத்தில் நடத்திய அதே பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் கதிரை இல்லாமல் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் தனுஜா.

முடிந்ததும் கேட்டேன், எந்தச் சபை இதற்கு அனுமதி தந்தது என்று.

நிரஞ்சன் வாசலில் காவலுக்கு நிற்பவன் போல நின்றான். "சேர், தேத்தண்ணி குடிக்க எந்த சபையில அனுமதி எடுக்குறது? நாங்க தேத்தண்ணி குடிக்கிறோம்."

"தேத்தண்ணிய காணோமே."

"இப்பதான் குடிச்சு முடிச்சோம் சேர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயந்தினி சிரிக்கவில்லை. "நீங்களும் வாங்க சேர். எனக்கு ஒரு மணித்தியாலம் காணாது. உங்க அளவுக்கு எனக்கு தமிழ்ல சொல்லவும் வரல."

அனுமதி இல்லாத அறையில் வகுப்பு எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கு யாராவது கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

ஜூலை 8

சபைக்கு ஒரு முன்மொழிவு எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை வகுப்பை முறைப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும்; அறை, நேரம், கதிரை ஒதுக்க வேண்டும். மூன்று பக்கம். அசைக்க முடியாதபடி எழுதியிருக்கிறேன். ஜெயந்தினியிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

வாசித்து முடித்துத் தாள்களை என்னிடமே நீட்டினாள். "இத கொண்டுபோகாதீங்க சேர். கொண்டுபோனா மூடிருவாங்க."

"முறையா கேட்டா எப்படி மூடுவாங்க?"

"போன தடவையும் முறையாத்தான் சேர் மூடுனாங்க. நீங்க இருந்துதானே மூடுனாங்க."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13

சண்முகவடிவு இரண்டு தரம் கேட்டுவிட்டாள், உடம்புக்கு என்ன என்று. உடம்புக்கு ஒன்றும் இல்லை. முன்மொழிவை மறுபடி வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 16, புதன்

பீட சபை. மண்டபம் நிறைந்திருந்தது. பரீட்சை நாட்கள், நூலகத் தண்டப்பணம், விடுதித் தண்ணீர்த் தாங்கி. கடைசியில் தரணிதரன், வேறு விடயங்கள் உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் திரும்பினார்கள். உதவிப் பதிவாளர் புதிய பக்கம் புரட்டினார். ஜெயந்தினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பக்கமும் சட்டைப் பைக்குள் இருந்தன.

"திரு. செல்லசாமி?"

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவர் நம்பவில்லை போல. இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் அதையே சொன்னேன்.

நாளைக்கு மூன்று மணிக்குப் பெறுமானத் தேய்வுப் பாடம் நடத்த வேண்டும். களஞ்சிய அறையில் கரும்பலகை இருக்கிறதாம். வெண்கட்டி நான்தான் கொண்டுபோக வேண்டும்.