மூன்றாவது ஒயர்

ஜூன் 5, வியாழன்

காலையில் பட்டறையைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் ஊதா. யாரோ ஒருவருடைய காரின் அடியில் தம்பி பட்டை லைட் ஒட்டிவிட்டு அணைக்காமலே வீட்டுக்குப் போயிருக்கிறான். தரை ஊதா, சுவர் ஊதா, என் டீ டம்ளர்கூட ஊதா. ஒரு காரின் அடிவயிற்றை ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டுவதில் என்ன பெருமையோ. கேட்டேன்.

"கஸ்டமர் கேக்குறாருண்ணே. நமக்கென்ன?"

"கொம்பு வெச்சுக் குடுன்னு கேட்டா?"

"கொம்பு வெச்சு, அதுலயும் ரெண்டு லைட் போட்டுத் தருவேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இவனிடம் சிரித்துக் காட்டினால் அன்றைக்கு முழுக்கத் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பட்டறை என்றாகிவிட்டது. இடப்பக்கம் என்னுடையது. பழைய கார்கள், மஞ்சள் பல்பு, துணி சுற்றிய ஒயர். வலப்பக்கம் அவனுடையது. அங்கே கார்கள் எல்லாம் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுகின்றன. நடுவில் கறுப்பு வண்டி. அது மட்டும்தான் இரண்டு பேருடையதும். நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்ற வண்டி. இந்த மாதம் 29ஆம் தேதி பழைய கார் கண்காட்சியில் நிறுத்தப் போகிறோம்.

ஜூன் 9, திங்கள்

கறுப்பு வண்டிக்கு ஒயரிங் முடிந்தது. எல்லா விளக்கையும் சோதித்தோம். பிரேக் லைட்டை மட்டும் தனி ஆளாகப் பார்க்க முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவன் மிதிப்பான், நான் பார்ப்பேன். "மிதி." "எரியுதா?" "எரியுது." எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்.

இன்றும் எரிந்தது. ஆனால் மங்கல். பின்னால் இருப்பது நெல்லிக்காய் அளவு சிவப்புக் கண்ணாடி. அதற்குள் ஒரே பல்பு, இரண்டு இழை. லைட் போட்டால் ஒரு இழை, பிரேக் மிதித்தால் இன்னொன்று. தம்பி இறங்கி வந்து பார்த்தான்.

"இது சாயங்காலத்துல ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாதுண்ணே."

அந்தக் காலத்தில் எல்லோரும் இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள் என்றேன்.

"அந்தக் காலத்துல ரோட்டுல நாலு வண்டி."

அந்தச் சின்னச் சிவப்பு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! அழகு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது, பரவாயில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கறுப்பு வண்டியின் டிக்கி மூடிக்கு அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு சிவப்பு எல்.இ.டி பட்டை. தம்பி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறான். அவன் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு நிற்கிறாள். பச்சைக் கார்க்காரர் ஒருவர் வேறு, "பிரமாதமா இருக்கே" என்கிறார். அவர் தன் நல்ல பழைய காரைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொள்ள வந்தவர். வேறென்ன சொல்வார்?

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நாலு வருஷ உழைப்பைப் பொம்மைக் கடை ஆக்கிட்டியே என்றேன்.

"அணைச்சா கண்ணுக்கே தெரியாதுண்ணே. மூடிக்கு அடியில இருக்கு. இதுல ஒரு காரியம் இருக்கு, கொஞ்சம் கேளு—"

கேட்கவில்லை. "உனக்கு ரசனைன்னு ஒண்ணு கிடையாதுடா. எதை உன் கையில குடுத்தாலும் மலிவாக்கிடுவ" என்றேன். அவன் மனைவி முன்னால். கஸ்டமர் முன்னால்.

அவன் முகம் செத்துப்போனது. "உனக்கு வண்டி வேணாம்ணே. பொணம்தான் வேணும். துடைச்சுத் துடைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்றான். ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். வீசியெறிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 18, புதன்

பேச்சு இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்னும் இல்லை. குறடு எங்கே என்று அவன் சுவர்ப்பலகையில் எழுதினான். டிராயரில் என்று நான் அதற்குக் கீழே எழுதினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிரண்டு வயது. என் மனைவி, "ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சு மேல ஏத்தி முட்டி போட வைக்கணும்" என்கிறாள். முதலில் அவன் வரட்டும். நான்தான் மூத்தவன்.

ஜூன் 28, சனி

நாளைக்குக் கண்காட்சி. தம்பி அசல் கண்ணாடித் துடைப்பான் வாங்க வெளியே போயிருந்தான். நல்ல சமயம் என்று பட்டையைப் பிய்த்தேன். நடுவர்கள் மூடிக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும்.

சுத்தமாகத்தான் செய்திருக்கிறான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அழகுக்கு ஒட்டிய பட்டைக்கு இரண்டு ஒயர் போதும். இவன் மூன்று இழுத்திருக்கிறான். மூன்றாவது எதற்கு என்று புரியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். யார் கேட்பது? மூன்றையும் வெட்டி, டேப் சுற்றி, பழைய இணைப்பைச் சேர்த்துவிட்டேன். லைட் போட்டேன், பின்னால் வந்து பார்த்தேன். இரண்டு நெல்லிக்காயும் சிவந்து எரிந்தன. போதும்.

பட்டையை என் அலமாரிக்குள் வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. அணைந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது என்று அவனே சொன்னானே.

ஜூன் 29, ஞாயிறு. மத்தியானம், கண்காட்சித் திடலில்

இரண்டாம் பரிசு! நடுவர் பின்பக்கம் குனிந்து விளக்கைப் பார்த்தார், மூடிக்கு அடியிலும் தடவிப் பார்த்தார். "இதைக் கெடுக்காம வெச்சிருக்கீங்களே" என்றார். காது குளிர்ந்தது. தம்பி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். கேட்டிருப்பான். கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு வருவான். நானும் மனைவியும் பஸ்ஸில் போகிறோம். அவன் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. தூறல் போடுகிறது.

ஜூலை 1, செவ்வாய்

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணி. மழை. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததாம், தம்பி பிரேக் போட்டிருக்கிறான். பின்னால் வந்த சரக்கு வண்டி நேராக ஏறிவிட்டது. முதுகெலும்பு. ஏழு மணி நேரம் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதையும் அதே குரலில் சொல்கிறார்.

ஜூலை 2, புதன்

மூன்றாவது ஒயர்.

ஜூலை 8, செவ்வாய்

சரக்கு வண்டி டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள், வேலை போய்விட்டது. ஒல்லியான ஆள், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே நின்றார்.

"நான் குடிக்கலைங்க. தூங்கவும் இல்லை. அந்த வண்டியில பிரேக் லைட் எரியலைங்க. திடீர்னு பக்கத்துல வந்துருச்சு."

என் மனைவி பாய்ந்துவிட்டாள். "ஆளைப் படுக்க வெச்சுட்டுப் பழியையும் போடுறியா? இவரு யாரு தெரியுமா? இந்த ஊர்லயே பழைய காருக்கு ஒயரிங் பண்ண இவரை விட்டா ஆள் கிடையாது!"

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெள்ளை ஓடு, மூலையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

தம்பி பேசினான். இருபத்துநாலு நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு.

"அண்ணே, நான் மிதிச்சேன். நல்லா அழுத்தித்தான் மிதிச்சேன். பின்னாடி எரிஞ்சிருக்கும்ல?"

அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அந்தப் பழைய பல்பு ஹோல்டர்ல பிரேக் பக்கம் போயிருச்சுண்ணே. ஒரு நேரம் எரியுது, ஒரு நேரம் எரியலை. உங்கிட்டச் சொன்னா வேற போட விடமாட்ட, அசல்தான் வேணும்னுவ. அசல் கிடைக்கிற வரைக்கும்னுதான் மூணாவதா ஒரு ஒயர் இழுத்து, பட்டையைப் பிரேக்கோட கோத்துவிட்டேன். சும்மா அழகுக்கு இல்லை. அது எரிஞ்சா அரை மைலுக்குத் தெரியும். அந்தச் சரக்கு வண்டிக்காரன் பொய் சொல்றான், இல்லண்ணே?"

எரிஞ்சிருக்கும்டா என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான். எரிஞ்சிருக்கும்டான்னு.

ஜூலை 12, சனி

பட்டை என் அலமாரியில் அப்படியே இருக்கிறது. மூன்று ஒயரும் நான் வெட்டிய இடத்தில் பளபளக்கின்றன.

அன்றைக்கு ஒரே ஒரு தடவை யாரையாவது மிதிக்கச் சொல்லியிருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆள் இல்லையென்றால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுக்க ஒரு கட்டை வைத்திருக்கிறோம், கதவுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில். அதைக்கூட எடுக்கவில்லையே. ஏன்? ஒவ்வொரு தடவையும் அவன்தான் மிதிப்பான். அந்த வேலையைத் தொட்டால் அவன் ஞாபகம் வரும், அவன் ஞாபகம் வந்தால் கோபம் வரும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூலை 16, புதன்

போலீஸ் காவலில் நிற்கும் வண்டியைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது. பிரேக் லைட்டைப் பற்றி இனி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். இந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நானா இப்படி?

ஜூலை 21, திங்கள்

பட்டையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் நடுவில் பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்க தம்பி கேஸை நீங்களே கெடுக்கறீங்க."

கெட்டது போன மாதமே கெட்டுவிட்டது என்றேன்.

அங்கிருந்து டிரைவர் வீட்டுக்கு. ஒரே அறை. வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். நான் முடித்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். "மூணு வாரமா நான்தான் பொய் சொல்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க" என்றார். அடித்திருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

தம்பியிடம் சொன்னேன். அவன் மனைவியும் இருந்தாள். எழுதி வைத்துக்கொண்டு போன வார்த்தைகள் எதுவும் வரவில்லை. பட்டையை நான் பிய்ச்சுட்டேன்டா, மூணு ஒயரையும் வெட்டிட்டேன்டா, அவ்வளவுதான் வந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். "அந்த லைட்டு அசிங்கமா இருக்குன்னுதானே மாமா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அதுதானே உண்மை.

தம்பி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "மிதிச்சுப் பாக்கலையா?"

இல்லை என்றேன்.

"ஒரு குரல் குடுத்திருந்தா வந்து மிதிச்சுட்டுப் போயிருப்பேனேண்ணே. பேசாமலே வந்து மிதிச்சிருப்பேன்."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்து மட்டும்தான் திரும்பியது. போ என்றான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டிரைவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. என்மேல் வழக்கு. வக்கீல் ஏதேதோ சொல்கிறார், காதில் ஏறவில்லை. தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாசலோடு போய்விட்டு வந்தேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பட்டறை வாசலில் இரண்டு படி. இருபத்திரண்டு வருஷமாக அவை என் கண்ணில் பட்டதே இல்லை. இடித்துவிட்டுச் சரிவாகச் சிமெண்ட் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பச்சைக் கார்க்காரர் வந்தார். தம்பியிடம் அவர் கேட்ட பட்டை வேலை பாதியில் நிற்கிறது. வேறு இடத்துக்கு எடுத்துப் போகவா என்று தயங்கிக் கேட்டார். தம்பி வரைந்த படம் அவன் மேஜையில் இருக்கிறது, எந்த ஒயர் எங்கே என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறான். நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நானும்தான்.

நவம்பர் 20, வியாழன்

பச்சைக் கார் ஏறக்குறைய முடிந்தது. முன்பக்கம் ஊதா, கதவுக்குக் கீழே நீலம், பின்னால் சிவப்பு. இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் இருந்து ஒரு அங்குலம் மாற்றவில்லை. ஒரு இடத்தில் மூன்று ஒயர் போட்டிருந்தான். அது எதற்கு என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

காலை பதினொன்று. கட்டையை முட்டுக்கொடுக்கக் கையில் எடுத்தபோது வாசலில் சக்கரச் சத்தம். தம்பியும் அவன் மனைவியும். அவள் சரிவுக்குக் கீழேயே நின்றுகொண்டாள். அவன் கையாலேயே தள்ளிக்கொண்டு ஏறி வந்தான்.

என்னைப் பார்க்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றினான். கதவுக்குக் கீழே ஓரிடத்தில் பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தான். அங்கே நான் சரியாக ஒட்டவில்லை, எனக்குத் தெரியும். பிறகு நாற்காலியைத் திருப்பிக் காருக்குப் பின்னால் போய் நிறுத்திக்கொண்டான். இத்தனை வருஷமாக நான் நிற்கும் இடம்.

கட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவன் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நிறைய நரைத்திருக்கிறது.

"மிதி" என்றான்.

மிதித்தேன்.

"இடப்பக்கம் எரியலை."

இறங்கிப் போய் ஹோல்டரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினேன். கை அவன் முழங்காலில் இடித்தது. அவனுக்குத் தெரியவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

"மிதி."

மிதித்தேன்.

"எரியுது."

போதும் என்று அவன் சொல்லவில்லை. நானும் காலை எடுக்கவில்லை.