வல்லநாட்டு மலையோடு ஒரு சண்டை

என் ஆசை சூசை,

நேற்று வல்லநாட்டு மலையில் ஏறிவிட்டு வந்தேன். கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. நன்றாக வலிக்கட்டும். வீட்டு மூலையில் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கால்தானே!

பாசத்தில் ஒன்றும் அந்த மலைக்குப் போகவில்லை. கொழும்பிலிருந்து தோணி ஓட்டி வரும்போதெல்லாம் கரைக்கு முன்னால் உங்கள் கண்ணில் படுவது அதுதான். "மல தெரிஞ்சா வீடு வந்தாச்சுளா" என்று வந்து இறங்கியதும் அதன் பெருமையையே பேசுவீர்கள். நான் பொங்கி வைத்த சோறு ஆறிக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்ட மலை, உங்கள் கடைசித் தோணி நடையில் என்ன செய்துகொண்டிருந்தது? அதைக் கேட்கத்தான் போனேன்.

கார்த்திகைக் காற்றில் தோணி உங்களோடு மூழ்கிப் போனது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. மற்றவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, மெழுகுவர்த்தி ஏற்றி அழலாம். எனக்கு எது? உங்களுக்கு வருசப் பூசை முடிகிறவரை, புருசனைப் பறிகொடுத்தவள் திரேஸ்புரத்து வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதாம். கடற்கரையில் நின்று அழக்கூட உங்கள் அண்ணன் விடவில்லை. எந்த வேதத்தில் இப்படி எழுதியிருக்கிறது?

நேற்று விடிந்ததும் துணைக்குப் பக்கத்து வீட்டு எமிலி டீச்சர் வந்தார். உங்கள் அண்ணன் குறுக்கே நின்றார்.

"பூச முடியாம வாசலத் தாண்டுனா திரும்பி வராத, ஆமா."

"வருவேன். இது எம் புருசன் கட்டுன வீடு. வழிய விடுங்க."

உங்கள் அம்மா உள்ளே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் எல்லாரும் புதுத் துறைமுகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இனிப் பெரிய கப்பல்தான், தோணி எதற்கு என்றார் ஒருவர். நீங்கள் இருந்திருந்தால் பஸ்ஸை நிறுத்திச் சண்டை போட்டிருப்பீர்கள்.

மலையில் பாதை என்று ஒன்றும் இல்லை, ஆடு போன தடம்தான். முள் சேலையைக் கிழித்தது. "போதும், திரும்பிருவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் டீச்சர். "நீங்க வேணா நிழல்ல உக்காருங்க" என்றேன். பாவம், மூச்சு வாங்க என் பின்னாலேயே வந்தார்.

உச்சியிலிருந்து பார்த்தால் கிழக்கே தூரத்தில் ஒரு நீலக் கோடு. கடல்! "இவ்வளவு உசரத்துல நின்னுக்கிட்டு ஒனக்குக் கண்ணு எங்கன போச்சு?" என்று மலையைக் காலால் மிதித்து வைதேன். பிறகு உங்களைக் கூப்பிட்டேன், பெயர் சொல்லி. கல்யாணமாகி ஒருநாள்கூட அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. புருசன் பெயரைச் சொல்லக் கூடாதென்று வளர்த்துவிட்டார்களே! "சூசை! ஏ சூசை!" தொண்டை கட்டும்வரை கத்தினேன். கேட்டதா உங்களுக்கு?

பொழுது சாயத் திரும்பினால் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே உங்கள் அண்ணன் சத்தம் போட்டார். தாழைத் திறந்தது உங்கள் அம்மா.

"எங்கனளா போன?"

"மலைக்கு, மாமி. ஒங்க மகனக் கூப்பிடப் போனேன்."

"சத்தம் போட்டா கூப்பிட்ட?"

"ஆமா."

என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அடுத்து போகயில என்னையும் கூட்டிட்டுப் போளா. நானும் எம் புள்ளையக் கூப்பிடணும்."

அழைத்துப் போவேன். அவருக்கு முட்டு மடங்காது, தெரியும். நடக்க முடியாத இடத்தில் முதுகில் தூக்கிக்கொள்வேன். வாசலில் யார் நின்றாலும் சரி, பூசைவரை காத்திருக்க மாட்டோம். வருகிற சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கத்துகிறோம்.

உங்கள் பெண்டாட்டி,
ரோசம்மாள்