உன் அந்தியேட்டியில் கொடுத்த மா

இன்று காலை சமையலறைக் கதவைத் திறந்ததும் எண்ணெய் கெட்ட காறல் நாற்றம் முகத்தில் அடித்தது. மூலையில் கிடக்கும் உரப்பையிலிருந்துதான் வந்தது. "உந்த மாவை இன்னும் என்னத்துக்கு வச்சிருக்கிறீர்? கொண்டுபோய்க் கொட்டும்!" என்று என் கணவர் சத்தம் போட்டார். நான் வாய் திறந்திருந்தால் எங்கள் முதலாளிக்கு வைத்திருந்த கோபமெல்லாம் இவர் தலையில் விழுந்திருக்கும். அதனால், நீ இல்லாவிட்டாலும், உனக்கு எழுதுகிறேன்.

ஆளிவிதை எண்ணெயை நீயும் நானும் தொழிற்சாலையில் எத்தனை விதமாகப் பாழாக்கினோம்! காற்றுப் பட்டால் போதும், கெட்டுவிடும். மீனில் கிடைக்கும் கொழுப்புச் சத்துக்காக, மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளின் சத்துமாவில் அதைச் சேர்க்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நீ. எண்ணெய்த் துளிகளை ஜெலற்றினால் மூடலாம் என்று முதலாளி சொன்னபோது, "மாட்டெலும்பிலை எடுத்ததைச் சைவப் பிள்ளையளுக்குத் தீத்தச் சொல்லுறியளோ?" என்று கேட்டாய். பயற்றிலிருந்து புரதத்தைப் பிரித்து, அதனால் ஒவ்வொரு துளியையும் போர்த்து, சூடான காற்றில் தூவிக் காயவைத்தோம். பொலபொலவென்று மாவாக விழுந்தது. நீ அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாய். "எண்ணெய் வெளியிலை வரேல்லையடி, உள்ளுக்கை பத்திரமாக் கிடக்கு!" வட்டுக்கோட்டைத் தொழிற்சாலை முழுக்க அன்று உன் சத்தம்தான்.

நீ ஆசுபத்திரியில் கிடந்த நாட்களில் முதலாளி புரதத்தைக் குறைத்துவிட்டு, மிச்சத்துக்கு மலிவான மாப்பொருளைப் போட்டார். போர்வை மெலிந்து எண்ணெய் வெளியே கசிந்தது.

"அண்ணை, இது காறும்" என்றேன்.

"அவவிட்டைக் கேட்டனான். ஓம் எண்டவ" என்றார்.

பச்சைப் பொய். நீ அப்போது தொண்டையில் குழாயோடு, பேச முடியாமல் கிடந்தாய். அந்த வாயில் ஒரு 'ஓம்' வைத்தாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு விட்டாரா? நீ செத்து முப்பத்தோராம் நாள் நடந்த அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு நினைவு மலரோடு ஆளுக்கொரு பைக்கற் அந்த மாவும் கொடுத்தார். "அவ கடைசியாச் செய்தது" என்று உருக்கமாகச் சொல்லிச் சொல்லி நீட்டினார். நான் ஒன்றைக் கிழித்து மணந்தேன். காறல்! அந்த நேரம் பார்த்து உன் அக்கா, பிள்ளைக்கு அதைக் கரைக்கச் சுடுதண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. சமையல் நடந்த குசினிப் பக்கம் கிடந்த உரப்பையைத் தூக்கிக்கொண்டு பந்தலில் ஒவ்வொருவரிடமும் போய் மாவைத் திருப்பிக் கேட்டேன். "செத்தவீட்டிலை தந்ததைத் திருப்பி வாங்கிறதோ? உவளுக்கென்ன விசரே?" என்று உன் பெரியம்மா கத்தினார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை" என்றார். ஒருவரும் பைக்கற்றைத் தரவில்லை.

பிறகு உன் அம்மா எழும்பினார். உன் படத்துக்கு முன்னால் படைத்திருந்த பைக்கற்றை எடுத்து என் பைக்குள் போட்டார். "என்ரை பிள்ளை பழுதான சாமான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டாள். எல்லாரும் குடுங்கோ" என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வரிசையாக வந்து போட்டார்கள்.

நேற்று முதலாளி எனக்கு ஃபோன் எடுத்தார். அடுத்த சரக்கின் பைக்கற்றில் உன் படத்தைப் போடப்போகிறாராம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலைக்குத் திரும்பலாமாம். நீ இருந்திருந்தால், "விடடி, பாவம் மனிசன்" என்று என் கையைப் பிடித்து இழுத்திருப்பாய். எத்தனை தரம் உனக்காக விட்டிருக்கிறேன்!

"போட்டுப் பாருங்கோ. கடை கடையா வந்து கிழிப்பன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

உன் கலவையின் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு யாராவது ஒழுங்காகச் செய்ய வந்தால் சொல்லிக்கொடுப்பேன். உனக்காக நான் இன்னும் ஒழுங்காக அழவில்லையடி. முதலில் இந்த முதலாளி மனிசனோடு கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது.