ஒரு பார்வைக்கு இரண்டு கையெழுத்து

அகராதி அலுவலகம்,
மூன்று மொழிப் பிரிவு,
மார்ச் 3

மதிப்பிற்குரிய துருக்கி மொழி ஆலோசகர் அவர்களுக்கு,

பொருள்: ஆங்கில ‘ஜீ’ (G) எழுத்தில் நிலுவையில் உள்ள ஒரு சொல்.

வணக்கம். நமது ஆங்கிலம்–தமிழ்–துருக்கி அகராதியின் ‘ஜீ’ எழுத்து இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதி அச்சுக்குப் போகிறது. சொல்லுக்கு ஒன்றாக எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் முந்நூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டன. பாக்கி நிற்பது ‘கேய்ஸ்’ (gaze) என்ற ஒரே சொல். ஒன்றை விடாமல் நெடுநேரம் பார்ப்பது என்று தமிழில் பொருள் எழுதியிருக்கிறேன். இதற்கு இணையான துருக்கிச் சொல்லைத் தாங்கள் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன். தொகுப்பாளர், ஆலோசகர் என இரண்டு கையெழுத்தும் இல்லாத அட்டை அச்சேறாது என்பது தாங்கள் அறிந்ததே.

இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான்தான்.

தங்கள் உண்மையுள்ள,
தொகுப்பாளர்

பி.கு.: டீ வடிகட்டி எங்கே இருக்கிறது என்று தெரிவித்தால் நன்று. நாலு மாதமாகத் தூளை மென்றுகொண்டிருக்கிறேன்.


அக்கா வீடு,
மார்ச் 8

அன்புள்ள அகராதிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். “இது உன் வீட்டுக்காரர் எழுதினதா? நான் வரி ஆபீஸ்லேர்ந்து வந்திருக்குன்னுல்ல நெனச்சேன்” என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீங்கள் என்னைத் ‘தாங்கள்’ என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை. நன்றி. தாங்க முடியவில்லை.

நாலு மாதத்தில் வந்த முதல் கடிதம் இது. நான் கிளம்பின அன்றைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. இரண்டு கையிலும் பெட்டியோடு உங்கள் மேஜைக்கு எதிரே நின்று, “நான் அக்கா வீட்டுக்குப் போறேன், திரும்பி வர்றதா உத்தேசம் இல்ல” என்றேன். நீங்கள் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், “சரி, கதவைச் சாத்திட்டுப் போ” என்றீர்கள். சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

இங்கே ஒரு கப்பல் கம்பெனியில் துருக்கிக் கடிதங்களை மொழிபெயர்க்கிறேன். மூன்றாம் மாடி, ஜன்னலோர மேஜை, கீழே பஸ் ஸ்டாப். வேலையை நிரந்தரமாக்குகிறோம், சம்மதமா என்று கேட்கிறார்கள். நானும் முப்பத்தொன்றாம் தேதிக்குள்தான் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் அப்புறம் எனக்கு இதுதான் ஊர்.

உங்கள் சொல்லுக்கு வருகிறேன். துருக்கியில் ஒன்றுக்கு மூன்று இருக்கிறது. ‘திக் திக் பக்மாக்’ என்றால் முறைத்துப் பார்ப்பது. ‘கொஸூ தால்மாக்’ என்றால் கண் முழுகிப் போவது. எதிரே இருப்பது தெரியாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்களே, அது. அதில் நீங்கள் கைதேர்ந்தவர். மூன்றாவது, ‘கொஸூனூ அயிர்மதான் பக்மாக்’. பார்க்கிற பொருளிலிருந்து கண்ணைப் பிரிக்காமல் பார்ப்பது. இந்த மூன்றில் உங்களுக்கு எது வேண்டும்? எடுத்துக்காட்டு வாக்கியத்தை அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஆலோசகர் (நிரந்தரமா என்பது தெரியவில்லை)

பி.கு.: வடிகட்டி அடுப்புக்கு மேலே உங்கள் மூக்குக்கு நேராக இருக்கிற ஆணியில் தொங்குகிறது.


மார்ச் 14

அன்புள்ள ஆலோசகருக்கு,

வடிகட்டி கிடைத்தது. நன்றி.

எடுத்துக்காட்டு வாக்கியம்தான் இடிக்கிறது. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியவரின் சட்டம் உனக்குத் தெரியும். வினைச்சொல்லாக இருந்தால் செய்து பார்க்காமல் எழுதக் கூடாது. ‘கேலப்’ என்ற சொல்லுக்காக நான் வராந்தாவில் குதிரை மாதிரி ஓடியதையும், தண்ணீர் கேன் போட வந்தவர் கேனை அப்படியே விட்டுவிட்டுப் போனதையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். (சொன்னேன்தானே?) ஆகவே ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பாலைப் பார்த்தேன். பதினான்கு நிமிஷம் கண்ணெடுக்காமல் நின்றேன். அதைக் குறித்து வைக்க நோட்டைத் திருப்பினேன், பொங்கிவிட்டது. அடுத்து எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு வந்து, “சார், என் மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா, இல்ல உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?” என்றார். மூன்றாவதாக, எதிர்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் போர்டைப் பார்த்தேன். அரை மணி கழித்துக் கடைக்காரரே ரோட்டைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நேரமா படிக்க முடியாம கஷ்டப்படுறீங்க, உள்ள வாங்க சார்” என்றார்.

போனதும் நல்லதாயிற்று. எனக்குத் தூரப் பார்வை குறைவாம். பல வருஷமாகவே இருக்குமாம். இப்போது புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். நீ அடிக்கடி “என்னைப் பாக்குறதே இல்ல” என்று சொன்னாய் அல்லவா? அது உண்மைதான். ஆனால் குற்றம் என்னுடையது அல்ல, கண்ணுடையது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தொகுப்பாளர்


மார்ச் 19

அகராதிக்காரருக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை என்பதைக் கவனிக்கவும். நீங்கள் கவனிக்க மாட்டீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

நம் சாப்பாட்டு மேஜையின் அகலம் இரண்டடி. இரண்டடித் தூரத்துக்கு எந்தக் கடைக்காரரும் சீட்டு கொடுக்க மாட்டார். உங்கள் அட்டையில் கடுகளவு எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற கண்தான் அது. போன ஜூனில் இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்தேன். அக்கம்பக்கமெல்லாம் கேட்டது. நீங்கள் மூன்று வாரம் கழித்து, “பாத்ரூம்ல இப்பல்லாம் தண்ணி அடைக்கிறதே இல்லையே, ஆள் வந்து சரி பண்ணினாரா?” என்றீர்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது.

எனக்கு நகை வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம். நான் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். இங்கே டிபன் கொண்டு வருகிற அம்மாள்கூட, “என்னம்மா, கண்ணு வீங்கியிருக்கு?” என்கிறாள்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குச் சம்மதக் கடிதத்தை டைப் அடித்து வைத்துவிட்டேன். மேஜையில் இருக்கிறது. தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி. வாக்கியம் வந்தால் வரட்டும்.

ஆலோசகர்


மார்ச் 25

அன்புள்ள உனக்கு,

பெரியவர் என் அட்டையைத் திருப்பி எறிந்துவிட்டார். பாலை வைத்து எழுதியது, போர்டை வைத்து எழுதியது இரண்டையும் படித்துவிட்டு, “நீங்க பாத்தீங்க சரி, ஆனா பாக்கணும்னு ஆசைப்பட்டுப் பாக்கலையேய்யா” என்றார்.

வீட்டுக்கு வந்து நம் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். புதுக் கண்ணாடியோடு. தினம் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போகிறேன். நேற்றுத்தான் தெரிந்தது, அதில் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் காமிராவையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை. போட்டோகிராபருக்குப் பின்னால் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நீ என்ன நிறப் புடவை கட்டியிருந்தாய் என்பதைப் போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மயிரிழைகூடச் சாக்கு சொல்ல இடமில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. வடிகட்டி கிடைத்தது என்று எழுதினேனே, அது பொய். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே எழுதிவிட்டேன். இன்றைக்கு நிஜமாகவே போய்ப் பார்த்தேன். ஆணி இருக்கிறது, சுவரில் அதன் கீழே வட்டமாக ஒரு கறை இருக்கிறது. வடிகட்டி இல்லை.

சொல்லுக்கு வாக்கியம் என்னிடம் இல்லை. வெறும் அட்டையில் என் கையெழுத்தை மட்டும் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். எதுவுமே எழுதாமல் விட்டாலும் உன் மேல் தப்பில்லை.

நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. இதற்கு வேறு நல்ல சொல்லாகத் தேடினேன், கிடைக்கவில்லை.

உன்,
நான்


அக்கா வீடு,
மார்ச் 29

அன்புள்ள என் அகராதிக்காரருக்கு,

நேற்று மதியம் சம்மதக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்காகக் கீழே இறங்கினேன். தபால் பெட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கிறது, பக்கத்துச் சந்து வழியாகத்தான் அங்கே போவேன். அங்கே ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழையே இல்லாத நாளில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள்தான்.

ஒரு வார்த்தை எழுதாமல் வந்திருக்கிறீர்கள்! ஆனால் நீங்கள் பார்த்தது என் ஜன்னலை அல்ல. தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று என்று எண்ணியிருக்கிறீர்கள். அது எங்களுக்குக் கீழே உள்ள இன்சூரன்ஸ்காரரின் ஜன்னல். பெரிய மீசை வைத்தவர். முதலில் சட்டையைச் சரிசெய்துகொண்டார், அப்புறம் தலையைச் சீவினார், கடைசியில் பயந்துபோய்த் திரையை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகும் நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மூன்று பஸ் வந்தது, போனது. நீங்கள் அசையவில்லை. நான் அங்கே வந்து நிற்பேன் என்று நினைத்தீர்கள் போல.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிட்டால் நீங்கள் பேச ஆரம்பிப்பீர்கள். பேச ஆரம்பித்தால் சரியான சொல்லைத் தேடிக்கொண்டு எங்கேயோ போய்விடுவீர்கள். எனக்கு நீங்கள் நின்ற அந்த நிலையே போதுமாக இருந்தது. ஐம்பது நிமிஷம் உங்களுக்குப் பின்னால் நாலடித் தூரத்தில் நின்றேன். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. இளைத்திருக்கிறீர்கள். வலது காதுக்குப் பின்னால் உங்களுக்கு ஒரு மச்சம் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. என்னைப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, நான் மட்டும் என்ன பார்த்து வைத்திருந்தேன்?

நாலாவது பஸ்ஸில் நீங்கள் ஏறிப் போனீர்கள். கடிதம் என் கையிலேயே இருந்தது. மாடி ஏறிப் போய் மானேஜரிடம், “மன்னிச்சுக்குங்க சார், நான் ஊருக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டேன். அக்கா நேற்றிலிருந்து, “பாத்துக்கோ, அப்புறம் என்கிட்ட வந்து அழாத” என்கிறாள். அழுதால் இடம் தருவாள் என்று தெரியும்.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் கிடைக்கட்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், உங்கள் அட்டை இத்துடன் இருக்கிறது. ‘கொஸூனூ அயிர்மதான் பக்மாக்’ என்று எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் நானே எழுதிவிட்டேன்: ‘அவர் யாருடைய ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருந்தார், அவள் அவரையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.’ செய்து பார்த்துத்தான் எழுதியது என்று பெரியவரிடம் சொல்லுங்கள். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அங்கே வந்து சேருகிற வண்டியில் வருகிறேன். டீ வடிகட்டி என் கைப்பையில் இருக்கிறது. கிளம்பின அன்றைக்கே எடுத்து வந்துவிட்டேன். ஆணியில் இல்லை என்று நீங்கள் எப்போது எழுதுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்டேஷனுக்குப் புதுக் கண்ணாடியோடு வாருங்கள். என் முகத்தில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். சின்ன விஷயம்தான், வண்டியிலிருந்து இறங்கினதும் என்னவென்று நீங்கள் சொல்ல வேண்டும். அவசரமில்லை, நிதானமாகப் பாருங்கள். பிற்பகல் மூன்று இருபதுக்குத்தான் எனக்குத் திரும்பும் வண்டி.

உங்கள்,
துருக்கிக்காரி