இறங்கிய இடத்தின் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் பேத்தியும் அப்படியே இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். காகிதத்தின் வாயை அப்படி அடைக்க முடியாது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறேன், பிறப்புச் சான்றிதழின் முத்திரை வைத்த நகல் வேண்டும் என்று நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அதிகாரி விடுப்பில் இருக்கிறார், அலுவலகத்தில் கூட்டம் என்று நான் சொன்னதெல்லாம் பொய். நகல் இரண்டாவது வாரமே கைக்கு வந்துவிட்டது. கடையில் லென்ஸ் உறைகள் வைக்கும் இழுப்பறையின் அடியில் போட்டு வைத்திருந்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். 'நடுவழி கண்ணாடிக் கடை' என்ற பலகையின் கீழே தினமும் கதவைத் திறக்கிறவனுக்கு, அந்தப் பெயரே வேண்டாம் என்று மகள் சொல்வதை விழுங்க முடியவில்லை.

இந்தப் பெயரால் நானும் படாத பாடு இல்லை. பள்ளியில் வாத்தியார் வருகைப் பதிவில் "நடுவழி" என்று கூப்பிட்டால், பின்வரிசையிலிருந்து ஒருவன் "இன்னும் வந்து சேரலை சார்" என்பான். நான் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது உன் அம்மாவழித் தாத்தா பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டு, காபியை ஆறவைத்துக்கொண்டே யோசித்தார். ஆனாலும் எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. என் பெரியப்பா சொல்லும் கதைதான் காரணம். நம் முன்னோர் ஒரு நெடுஞ்சாலையின் பாதி தூரத்தில் சத்திரம் கட்டி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் படுக்க இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள், அதனால் வந்த பெயர் என்பார்.

நீ இருக்கும் வெளிநாட்டில் இந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, படிவத்துக்குப் படிவம் தப்பாக எழுதுகிறார்கள் என்று நீ காரணம் எழுதியிருந்தாய். இந்தச் சத்திரத்துக்கு எழுத்தில் ஒரு சான்று கிடைத்தால் உன் மனம் மாறும் என்று நினைத்தேன். என் தாத்தா படித்த பள்ளியை எப்போதோ மூடிவிட்டார்கள். பழைய பதிவேடுகள் கல்வி அலுவலகத்து ஆவண அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

அங்கே இருந்த எழுத்தர் அம்மாவுக்கு என்னை உட்காரச் சொல்லக்கூட மனமில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து, வலது காதுக்குப் பின்னால் சிவந்து போயிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? கேட்டு வாங்கி, சட்டைப்பையில் இருந்த சின்னத் திருப்புளியால் திருகாணியை இறுக்கி, காதில் மாட்டும் கம்பியை வளைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலில் கம்ப்யூட்டரில் இருந்த மாணவர் பட்டியலில் தேடினார். இந்தப் பெயரில் மொத்தம் பதினேழு பேர்தானாம். பட்டியலைப் பார்த்தால் அத்தனை பேரும் நம் ஆட்கள். அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடும் இல்லை. பெரிய வம்சம்தான் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு உள்ளே போய், தூசி தட்டி, தாத்தாவைச் சேர்த்த வருடத்துப் பதிவேட்டை எடுத்து வந்தார்.

மகளே, அதில் சத்திரம் இல்லை.

தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும். குடும்பப் பெயர், நடுவழி. ஓரத்தில் தலைமை ஆசிரியர் பொடி எழுத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். பிள்ளையோடு தாய் மட்டும் வந்தார். அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்தவரை, சமாதானம் பேசித் திரும்பக் கணவனோடு வண்டியேற்றி அனுப்பியிருக்கிறார்கள். பாதி வழியில் வண்டி நின்றபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாராம். இப்போது தையல் வேலை செய்து பிழைக்கிறார். தகப்பன் பெயரை எழுத வேண்டாம் என்கிறார். குடும்பப் பெயர் கட்டாயம் என்று சொன்னதற்கு அவர் சொன்ன பதிலை, ஆசிரியர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: "நான் இறங்கினது நடுவழியில. அதையே போட்டுக்கோங்க."

கீழே அவருடைய கையெழுத்து. புதுப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதியிருப்பார் போல. 'ழி'யில் மை தேங்கி நிற்கிறது.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். எண்பத்தெட்டு வயதில் வெயிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகலைப் படித்துக் காட்டினேன். நகவெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "தெரியும்டா. அந்தச் சத்திரம் நான் கட்டினது. வாயாலேயே கட்டினேன்" என்றார். தாத்தா அவரிடம் மட்டும் சொன்னாராம். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் யார் சம்பந்தம் பண்ண வருவார்கள் என்று பயந்து, மறைக்க ஒரு கதை செய்தாராம். சொல்லிவிட்டு அழுதார். பெற்ற பாட்டியை நினைத்து வெட்கப்பட்டேனே, வாழ்நாளில் நான் வெட்கப்பட வேண்டியது அது ஒன்றுக்குத்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முழுதும் கேட்டபின், சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று சொன்னாள்: "அவ போன்ல 'நாங்க'ன்னு சொல்லி எவ்வளவு நாளாச்சு, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. மற்றவர் பார்வைக்குக் கண்ணாடி நம்பர் பார்த்தே முப்பது வருடம் ஓட்டிய எனக்கு, சொந்த மகளின் பேச்சில் ஒரு சொல் காணாமல் போனது தெரியவில்லை. நான் வீடு மாறினேன், நான் பாப்பாவைக் கூட்டிப்போனேன், நான் சமைத்தேன். மாப்பிள்ளை வேலையில் இருக்கிறார், தூங்குகிறார், குளிக்கிறார் என்று நீ சொன்னதையெல்லாம் நம்பி, விசாரித்ததாகச் சொல்லு என்று போனை வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் உன் கல்யாணம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை எல்லார் முன்னாலும், நடுவழி வீட்டுப் பெண், நடுவழியில் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு அர்த்தம் புரிகிறது. நீ இப்போது பெயரை விடப் பார்ப்பதற்கும் அந்தச் சிரிப்புதான் காரணமோ என்று தோன்றுகிறது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு அப்பாவை மன்னித்துவிடு.

என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. சொல்லத் தோன்றினால் சொல். அம்மாவிடம் சொன்னாலும் போதும். ஊர் என்ன சொல்லும் என்ற கவலையை என்னிடம் விட்டுவிடு. கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் இருக்கிறது. உன்னைத் தடுக்க அதை அனுப்பவில்லை. அந்தப் பெண்மணியும் ஒரு பெயரை விட்டுவிட்டு வந்தவர்தான். நீ மாற்றினாலும் எனக்கு வருத்தமில்லை. பெயரை வைத்துக்கொண்டாலும், இனி அதற்காகத் தலைகுனிய வேண்டாம். பாப்பா வளர்ந்து கேட்டால் சத்திரக் கதையைச் சொல்லாதே; உள்ளதைச் சொல்.

இன்னொன்று. அம்மா நேற்று முன்னறை அலமாரியைக் காலிசெய்து, தட்டுகளைத் துடைத்துப் புதுக் காகிதம் விரித்துவிட்டாள். கீழ்த்தட்டு சின்னக் கைக்கு எட்டும் உயரம் என்கிறாள். உன்னை வா என்று கூப்பிட்டு அவசரப்படுத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் நான் கூப்பிடவில்லை. அலமாரி காலியாக இருக்கிறது என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

நீயும் குழந்தையும் எங்கே இறங்கினாலும் அந்த இடம் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அப்பா